காரின் ஏசியும் ஹீட்டரும்: கோளாறை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கார் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று பணிமனையில் சொன்னால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் “கேஸ் குறைந்திருக்கும், நிரப்பிவிடலாம்” என்பதுதான். என் காருக்கு ஒரே கோடையில் இரண்டு முறை அப்படி நிரப்பினார்கள். இரண்டு முறையும் மூன்று நான்கு வாரங்கள் நன்றாகக் குளிர்ந்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பியது. மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக் கேஸ் உருளையின் பக்கமே போகவில்லை. பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரின் கீழ்மூலையில் எண்ணெய்ப் பசையோடு தூசி அப்பியிருந்த ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கசிவு அங்கேதான் இருந்தது. அதற்கு முன்பும் அந்தப் பசை அங்கே இருந்திருக்க வேண்டும். பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தெரியவில்லை.

காரின் ஏசியும் ஹீட்டரும் எப்படி வேலை செய்கின்றன என்பது ஓரளவு தெரிந்துவிட்டால், விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், கண், காது, மூக்கு, கை ஆகியவற்றைக் கொண்டே கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பெருமளவு சொல்லிவிடலாம். கழற்றி மாட்டும் வேலையை மெக்கானிக்கிடமே விட்டாலும், என்ன நடக்கிறது, எந்த நேரத்தில் நடக்கிறது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு வீண் செலவு குறைகிறது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரே பெட்டி

குளிர்ச்சிக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று எனக் காரில் இரண்டு தனி ஏற்பாடுகள் இருப்பதாக நினைப்பது இயல்பு. ஆனால் இரண்டும் டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஒரே பெட்டிக்குள் வந்து சேர்கின்றன. வெளியிலிருந்தோ காருக்குள்ளிருந்தோ காற்றை இழுத்துத் தள்ளுவது ப்ளோயர் என்னும் விசிறி. பெரும்பாலான கார்களில் அந்தக் காற்று முதலில் கேபின் ஃபில்டரைக் கடந்து, பிறகு மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று சொல்லும் எவாப்பரேட்டரின் ஊடாகச் செல்கிறது. அதற்கு அப்பால் ஒரு சிறு கதவு இருக்கிறது. அது ஒரு பக்கம் சாய்ந்தால் குளிர்ந்த காற்று அப்படியே முகத்துக்கு வருகிறது. மறுபக்கம் சாய்ந்தால் ஹீட்டர் கோர் எனப்படும் சிறிய ரேடியேட்டரின் வழியே போய்ச் சூடேறி வருகிறது. நடுவில் நின்றால் இரண்டும் கலந்து வருகின்றன. வெப்பநிலையைக் கூட்டவும் குறைக்கவும் நீங்கள் திருப்பும் குமிழ், பெரும்பாலான கார்களில், முதன்மையாக இந்தக் கலவைக் கதவின் சாய்வைத்தான் மாற்றுகிறது.

இந்த அமைப்பு மனத்தில் பதிந்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வரிசைப்படும். காற்று போதிய அளவு வருகிறதா? கூலிங் காயில் உண்மையிலேயே குளிர்கிறதா, ஹீட்டர் கோர் உண்மையிலேயே சூடாகிறதா? அவை இரண்டும் சரி என்றால், கலவைக் கதவு நாம் சொன்ன இடத்தில் நிற்கிறதா? கேஸ் பற்றிய கேள்வி இவற்றுள் இரண்டாவதன் ஒரு பகுதிதான். அதையே முதல் கேள்வியாக்கும்போதுதான் பணமும் நாளும் வீணாகின்றன.

மழை நாளில் முன்கண்ணாடியில் படரும் மூட்டத்தை நீக்க ஏசியையும் ஹீட்டரையும் ஒருசேரப் போடச் சொல்வதன் காரணமும் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கூலிங் காயில் காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்துத் தண்ணீராக வடித்துவிடுகிறது. அப்படி உலர்ந்த காற்றை ஹீட்டர் கோர் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. ஆகவே குளிர்காலத்தில் கண்ணாடி மூட்டம் விலக மறுத்தால், கோளாறு ஹீட்டரில் இல்லாமல் ஏசியில்கூட இருக்கலாம்.

குளிர்ச்சி எப்படி உண்டாகிறது

மலையுச்சியில் அழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடும். திரவம் எதுவானாலும் அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், குறைந்தால் குறையும். ஏசியின் வேலை முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. சாலையில் ஓடும் கார்கள் பலவற்றில் இன்னும் உள்ள ஆர்-134ஏ என்னும் குளிரூட்டி, சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை ஓரளவு அழுத்தத்தில் வைத்து, 0 டிகிரிக்குச் சற்று மேலே கொதிக்கும்படி செய்துவிட்டால், கூலிங் காயிலின் மேல் வீசும் வெதுவெதுப்பான காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு அது ஆவியாகிறது. காற்று குளிர்கிறது.

ஆவியானதை அப்படியே விட்டுவிட முடியாது. கம்ப்ரசர் அதை இழுத்து அழுத்துகிறது. அழுத்தம் ஏற ஏற வெப்பமும் ஏறுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் அந்தச் சூடான ஆவி தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளைக்குள் நுழைந்து வெளிவரும்போது அழுத்தம் சட்டென்று விழ, கூலிங் காயிலில் மறுபடியும் கொதிக்கத் தொடங்குகிறது. இது மூடிய வட்டம். பெட்ரோல் எரிந்து தீர்வதைப் போல இந்தக் கேஸ் தீர்வதில்லை. பல ஆண்டுகளில் ரப்பர் குழாய்கள், இணைப்பு வளையங்கள் ஆகியவற்றின் வழியே சிறிது கசிவது இயல்பானாலும், ஒரு கோடைக்குள் குளிர்ச்சி போய்விட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ ஒரு ஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். ஆனால் காற்றிலுள்ள ஒரு கிராம் நீராவியைத் தண்ணீராக்க ஏறத்தாழ 2,450 ஜூல் எடுக்க வேண்டும். புழுக்கமான நாளில் ஏசியின் உழைப்பில் பெரும் பங்கு ஈரத்தை வடிப்பதிலேயே போய்விடுவதால், அன்று வரும் காற்று உலர்ந்த நாளில் வருவதைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருப்பது கோளாறு ஆகாது.

முதலில் காற்று

ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தும் காற்று மெலிதாக வந்தால், பானட்டைத் திறப்பதற்கு முன் கேபின் ஃபில்டரை எடுத்துப் பார்க்க வேண்டும். பல கார்களில் அது கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கருவியே இல்லாமல் எடுத்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு முறையோ 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையோ மாற்ற வேண்டிய இந்த ஃபில்டரைக் கார் வாங்கியதிலிருந்து ஒரு முறைகூட மாற்றாதவர்கள் நிறையப் பேர். இலைச் சருகும் கருந்தூசியும் அடைத்த ஃபில்டரை எடுத்துவிட்டுக் காற்றோட்டத்தைப் பார்த்த நொடியிலேயே சிலருடைய சிக்கல் முடிந்துவிடுகிறது.

ப்ளோயர் எல்லா வேகங்களிலும் பேசாமல் இருந்தால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மிக உயர்ந்த வேகத்தில் மட்டும் ஓடி, மற்றவற்றில் நின்றுவிட்டால், மின்சாரத்தைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஏனெனில் குறைந்த வேகங்களில் மின்சாரம் அதன் வழியே செல்கிறது, உச்ச வேகத்தில் அதைத் தாண்டி நேராக மோட்டாருக்குப் போகிறது. வெப்பநிலையைத் தானாகச் சரிசெய்யும் ஏசி உள்ள கார்களில் ரெசிஸ்டரின் இடத்தில் ஒரு மின்னணுத் தொகுதி இருப்பதால் இந்த அடையாளம் அவற்றுக்குப் பொருந்தாது.

காற்றோட்டத்தில் ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. புறப்படும்போது எல்லாம் நன்றாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு ப்ளோயரின் சத்தம் மாறாமலேயே காற்று மட்டும் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் வராமலே போய்விடும். பணிமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடியும் சரியாகிவிடும். கூலிங் காயிலின் மேல் படிந்த ஈரம் பனிக்கட்டியாகிக் காற்றின் வழியை அடைத்துவிடுவதே காரணம். ஏசி பொத்தானை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டதும் காற்று திரும்பி வந்தால், அது பனி உறைவுதான். காயில் அளவுக்கு மீறிக் குளிராமல் காக்கும் வெப்பநிலை உணரி கெட்டிருக்கலாம். கேஸ் குறைந்து காயிலின் அழுத்தமும் கொதிநிலையும் தாழ்ந்திருக்கலாம். அல்லது அதே அடைத்த ஃபில்டர் காரணமாகக் காற்று குறைந்து காயில் உறைந்திருக்கலாம்.

குளிர்ச்சியைக் கையால் அறிவது

காற்று நன்றாக வந்து, குளிர்ச்சி மட்டும் இல்லையென்றால் முதலில் அளந்து பார்ப்பது நல்லது. கதவுகளையும் கண்ணாடிகளையும் மூடி, உட்காற்றுச் சுழற்சியைப் போட்டு, வெப்பநிலையை மிகக் குறைவாக வைத்து, நடுத் துவாரத்தில் ஒரு சிறிய தெர்மாமீட்டரைச் செருகி, எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்று வேகத்தில் சில நிமிடம் ஓடவிட்டால், நல்ல நிலையிலுள்ள ஏசியில் பொதுவாக 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை காட்டும். கடும் வெயிலிலும் புழுக்கத்திலும் சில டிகிரி கூடுதலாக இருக்கலாம். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சின் ஓடினால் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறித்துவிடும்.

அடுத்தது பானட்டுக்குள். டேஷ்போர்டை நோக்கி, இரும்புத் தடுப்புச் சுவருக்குள் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்கள் தெரியும். தடிமனானது கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய். ஏசி ஓடும்போது அது நன்றாகச் சில்லிட்டு, ஈரமான நாளில் வெளியே வியர்த்திருக்க வேண்டும். மெல்லியது திரவம் வரும் குழாய். அது வெதுவெதுப்பாகவோ சூடாகவோ இருக்கும். கம்ப்ரசரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் குழாயை மட்டும் தொடவே கூடாது, கையைச் சுட்டுவிடும். சுழலும் பெல்ட்டுக்கும் திடீரென்று ஓடத் தொடங்கும் ரேடியேட்டர் விசிறிக்கும் அருகில் கையோ தொங்கும் துணியோ போகாதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

தடிமனான குழாய் சில்லென்று வியர்த்திருக்கிறது, ஆனால் உள்ளே வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது என்றால், கேஸ் பக்கத்தில் குறையே இல்லை. குளிர்ந்த காற்று ஹீட்டர் கோரின் வழியே திருப்பிவிடப்பட்டுச் சூடேறி வருகிறது. கலவைக் கதவோ அதைத் திருப்பும் சிறு மோட்டாரோதான் பழுது. காரை ஸ்டார்ட் செய்தவுடன் டேஷ்போர்டுக்குள்ளிருந்து டக் டக் என்று சிறிது நேரம் தட்டும் சத்தம் கேட்டால், அந்த மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து வழுக்குகிறது என்று பெரும்பாலும் பொருள். ஓட்டுநர் பக்கம் ஒரு வெப்பம், மறுபக்கம் வேறு வெப்பம் எனப் பிரித்து வைக்கும் கார்களில் ஒரு பக்கம் மட்டும் குளிரவில்லை என்றாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதுதான். கேஸ் ஓரளவு குறைந்தாலும் இப்படி ஒரு பக்கம் மட்டும் குளிராமல் போகலாம் என்பதால் அதையும் ஒதுக்கிவிடக் கூடாது. எந்தச் செலவும் இல்லாத இந்தத் தொட்டுப் பார்க்கும் சோதனையைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

குழாய் குளிரவே இல்லையென்றால் கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். பெல்ட்டின் சுழற்சியோடு கம்ப்ரசரைச் சேர்த்தும் பிரித்தும் விடும் கிளட்ச் உள்ள கம்ப்ரசரில், ஏசி பொத்தானை அழுத்தியதும் டக்கென்ற ஒலியோடு முன்தட்டும் சேர்ந்து சுழலத் தொடங்கும். சுழலவில்லை என்றால், கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. கேஸ் மிகவும் குறைந்தால் கம்ப்ரசரைக் காப்பதற்காக அழுத்த உணரியே அதை ஓடவிடாமல் தடுக்கும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானாலும் கணினி அதை நிறுத்திவைக்கும். ஃபியூஸையும் ரிலேவையும் எப்போதும்போல் பார்க்க வேண்டும். சில நொடிகளுக்கு ஒரு முறை ஓடி ஓடி நின்றால் பெரும்பாலும் கேஸ் குறைவுதான். தொடக்கத்தில் ஓடி, எஞ்சின் அறை நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும் சேர மறுத்தால், கிளட்சின் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்க வாய்ப்புண்டு. இக்கால கார்கள் பலவற்றில் கிளட்சே இல்லாத, எப்போதும் சுழலும் கம்ப்ரசர் இருக்கிறது. அதன் அழுத்தும் அளவை ஒரு மின் வால்வு மாற்றுகிறது. அவற்றில் சுழல்வதைக் கண்டு வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சாலையில் ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பாகிறது என்பது மிகவும் பரவலான குறை. ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை விசிறிதான் செய்ய வேண்டும். ஏசியைப் போட்டதும் சிறிது நேரத்துக்குள் விசிறி ஓடத் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஓடினால், கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பூச்சிகளும் சேறும் தூசியும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அழுத்தம் குறைந்த தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கி முன்பைவிட மோசமாகிவிடும். விசிறியும் கண்டன்சரும் சரியாக இருந்தும் குறை தொடர்ந்தால், தேய்ந்த கம்ப்ரசர் எஞ்சினின் மெதுவான வேகத்தில் போதிய அழுத்தம் தர முடியாமல் திணறுவதாக இருக்கலாம்.

அழுத்தமானிகள் சொல்வதும் சொல்லாததும்

மெக்கானிக் நீலமும் சிவப்புமான இரண்டு அழுத்தமானிகளை மாட்டும்போது அவை என்ன காட்டுகின்றன என்பதை நீங்களும் புரிந்துகொள்வது கடினமன்று. நீலம் கூலிங் காயில் பக்கத்தின் குறைந்த அழுத்தத்தையும் சிவப்பு கண்டன்சர் பக்கத்தின் உயர் அழுத்தத்தையும் காட்டுகின்றன. ஆர்-134ஏ உள்ள காரில் ஏசி ஓடும்போது குறைந்த பக்கம் ஏறத்தாழ 25 முதல் 45 பிஎஸ்ஐ வரையும், உயர் பக்கம் ஏறத்தாழ 150 முதல் 250 பிஎஸ்ஐ வரையும், வெளி வெப்பத்தைப் பொறுத்து, இருக்கும். இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது வெப்பநிலை. 28 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஆர்-134ஏ ஏறத்தாழ 0 டிகிரியில் கொதிக்கிறது. 176 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏறத்தாழ 50 டிகிரியில் கொதிக்கிறது. முதலாவது காயிலில் உண்டாகும் குளிர், இரண்டாவது கண்டன்சர் வெளியே தள்ளும் வெப்பம்.

இரண்டு முள்களும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு என்று நினைக்கலாம். இரண்டும் உயர்ந்திருந்தால், கேஸ் அளவுக்கு மீறி நிரப்பப்பட்டிருக்கலாம், உள்ளே காற்று புகுந்திருக்கலாம், அல்லது கண்டன்சருக்குக் காற்றோட்டம் போதாமல் இருக்கலாம். குறைந்த பக்கம் உயர்ந்து, உயர் பக்கம் தாழ்ந்து இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. குறைந்த பக்கம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. அந்த அடைப்பு சில நிமிடம் வந்து, பிறகு தானாக நீங்கி, மறுபடியும் வந்தால், உள்ளே புகுந்த ஈரம் வால்வின் துளையில் பனியாக உறைந்து உருகுகிறது என்று அறியலாம்.

ஆனால் அளவைப் பற்றி அழுத்தம் உண்மை சொல்லாது என்பதைப் புதிதாகக் கற்பவர் அழுத்தமாக மனத்தில் பதிக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, எல்லாம் 30 டிகிரிக்கு ஆறிய பிறகு பார்த்தால், ஆர்-134ஏ உள்ள காரில் இரண்டு முள்களும் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐயில் நிற்கும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் அதே 97. பாதி கசிந்து 250 கிராம் இருந்தாலும் அதே 97தான். உள்ளே கொஞ்சமேனும் திரவம் மிஞ்சியிருக்கும் வரை, நிற்கும் நிலையின் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலையே. ஓடும்போது காட்டும் அழுத்தத்தையும் வெயில், விசிறி, எஞ்சின் வேகம் ஆகியவை மாற்றுவதால் அதை வைத்தும் அளவைத் துல்லியமாகக் கணிக்க முடியாது. சரியான அளவை அறிய ஒரே வழி, உள்ளே இருப்பதை முழுவதும் மீட்டெடுத்து எடைபோடுவதுதான். எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்பது பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஒரு சிறு தாளில் அச்சிடப்பட்டிருக்கும். முள்ளைப் பார்த்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றுவதால் அளவு மீறிப் போய்க் குளிர்ச்சி குறைந்த கார்களும் உண்டு.

கேஸ் குறைவு உறுதியானால் கசிவைத் தேட வேண்டும். குளிரூட்டியோடு கம்ப்ரசருக்கான எண்ணெயும் சுற்றி வருவதால், கசியும் இடத்தில் எண்ணெய் வெளிவந்து தூசியைப் பிடித்து வைக்கும். கண்ணால் தேடுவது அதைத்தான். கல் தெறிக்கும் இடத்திலிருக்கும் கண்டன்சர், குழாய் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள், கம்ப்ரசரின் முன்பக்க சீல் ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். கண்ணுக்குப் படாத கசிவுக்குப் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயமும், மின்னணு மோப்பக் கருவியும், நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கும் முறையும் இருக்கின்றன. ஓட்டையை அடைத்த பிறகு வாக்குவம் பம்பைக் கொண்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரமாவது இழுத்தெடுத்து, அந்த வெற்றிடம் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பின்பே எடைபோட்டு நிரப்ப வேண்டும். ஓட்டையை அடைக்கும் என்று விற்கப்படும் திரவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எக்ஸ்பான்ஷன் வால்வையும் பணிமனையின் மீட்புக் கருவியையும் அடைத்துவிடக்கூடும்.

குளிரூட்டியை வெளியே திறந்துவிடுவது தவறு என்பதையும் சொல்ல வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையின் விளைவாகப் பழைய ஆர்-12 கைவிடப்பட்டு ஆர்-134ஏ வந்தது. அது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்களில் அதைத் தடுத்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-1234ஒய்எஃப் ஓரளவு தீப்பற்றக்கூடியது. இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. திரவக் குளிரூட்டி தோலில் பட்டால் பனிப்புண் உண்டாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதால், இந்தக் குழாய்களை வீட்டில் கழற்றிப் பார்க்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஹீட்டர்

ஹீட்டரின் கதை எளியது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், 90 டிகிரியை ஒட்டிய சூட்டில், இரண்டு ரப்பர் குழாய்கள் வழியே ஹீட்டர் கோருக்குள் போய்த் திரும்புகிறது. எஞ்சின் வழக்கமான சூட்டுக்கு வந்த பிறகு, ஹீட்டரைப் போட்டு, அந்தக் குழாய்களைக் கவனமாகத் தொட்டுப் பார்ப்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டும் நல்ல சூடாக இருந்து உள்ளே குளிர்ந்த காற்று வந்தால் மறுபடியும் கலவைக் கதவுதான். ஒன்று சூடாகவும் மற்றது வெறுமனே வெதுவெதுப்பாகவும் இருந்தால் ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது, அல்லது கூலன்ட்டைத் திறந்து மூடும் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே சூடேறவில்லை என்றால், கூலன்ட் குறைந்திருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், அல்லது ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டிருக்கலாம். தெர்மோஸ்டாட் அப்படி நின்றால் எஞ்சின் சூடேற வெகு நேரம் ஆகும். வேகமாக ஓட்டும்போது வெப்பமானியின் முள் இன்னும் கீழே இறங்கும்.

நிற்கும்போது குளிர்ந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் சூடாகும் ஹீட்டரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று ஓடும் ஒலியும் சேர்ந்து கேட்டால் கூலன்ட் குறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். இன்று ஹீட்டரில் தெரியும் இந்தக் குறை நாளை எஞ்சினையே பொசுக்கிவிடலாம். கூலன்ட் அளவை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே பார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த கூலன்ட் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

எஞ்சினே இல்லாத மின்சார கார்களுக்கு இந்தச் சோதனைகள் பொருந்தா. அவற்றில் வெப்பத்தைத் தருவது மின்சூடேற்றியோ, குளிரூட்டும் வட்டத்தையே திருப்பி ஓட்டும் ஹீட் பம்போ ஆகும். கம்ப்ரசரும் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடுவது. ஆரஞ்சு நிறக் கம்பிகள் எதையும் தொடக் கூடாது. அதன் எண்ணெய்கூட மின்சாரம் கடத்தாத தனி வகை என்பதால், சாதாரணக் கார்களுக்கான எண்ணெயைத் தவறிச் சேர்த்தால் மின்காப்பே கெட்டுவிடும்.

மணமும் ஈரமும்

ஏசி ஓடும் காரின் அடியில் நிறமற்ற தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. காற்றிலிருந்து வடித்த ஈரம்தான் அது. அதே தண்ணீர் முன்னிருக்கைக் கால்விரிப்பை நனைத்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஈரத்தில் பூத்த பூஞ்சையே ஏசியைப் போட்டதும் வரும் பூசணை வாடைக்குக் காரணம். பயணம் முடிவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்து வாடை குறையும்.

இனிப்பான மணம் வந்து, முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான படலம் படிந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது. கால்விரிப்பில் தேங்குவது கூலன்ட். அதில் பொதுவாக உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் நக்கிவிட வாய்ப்புண்டு. அது கொடிய நஞ்சு. உடனே துடைத்துக் கழுவிவிட வேண்டும். புகைபோக்கியின் நெடியோ பெட்ரோல் வாடையோ துவாரங்கள் வழியே வந்தால், ஏசியைப் பற்றிய ஆராய்ச்சியை விட்டுவிட்டு, கண்ணாடிகளை இறக்கி, காரை நிறுத்திவிடுங்கள்.

பணிமனைக்குப் போகும்போது, ஏசி குளிரவில்லை என்ற ஒரு வரியோடு நிற்காமல், நிற்கும்போதா ஓடும்போதா, தொடக்கத்திலா ஒரு மணி நேரம் கழித்தா, காற்று குறைகிறதா குளிர் குறைகிறதா, கடைசியாக எப்போது கேஸ் நிரப்பப்பட்டது என்பதையெல்லாம் சொல்லுங்கள். அதன் பிறகும் கேஸ்தான் என்று சொன்னால், புதிதாக நிரப்புவதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “உள்ளிருந்து எத்தனை கிராம் வெளியே வந்தது?” 500 கிராம் இருக்க வேண்டிய காரிலிருந்து 480 கிராம் வந்திருந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது. 200 கிராம்தான் வந்தது என்றால் மீதி 300 கிராம் எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடிக்கும் வரை உருளையைத் திறக்கவிடாதீர்கள்.